கோல்டன் சாம்பிளின் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் மற்றவர்களுடையதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரும். அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை எங்கள் டெஸ்ட் மேசையில் முதன்முதலாக வைத்தபோது, அதனுடன் வந்த தாளில் பிளாஸ்மா ஓட்டத்தை அளக்கும் கருவி என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதைக் கொண்டுவந்தவரை பர்ச்சேஸ்காரர்கள் 'டாக்டர்' 'டாக்டர்' என்று அழைத்தார்கள். நான் இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். என் தங்கைக்கு டெங்கு வந்து குன்றத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிளாஸ்மா ஏற்றியதை நேரில் பார்த்தவன் வேறு. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "பேஷண்டோட கை எந்தப் பக்கம் சார் வரும்?" என்று கேட்டேன். பணிவாகத்தான் கேட்டேன், அதுதான் கொடுமை. அவர் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தார், கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார். இரண்டிலும் நான் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற குவாலிட்டி மேனேஜரிடம் திரும்பி, "இவர்தான் டெஸ்ட் பண்ணப் போறாரா?" என்று மட்டும் கேட்டார். பின்னால் லைனில் யாரோ சிரித்தார்கள். அந்த லைனில் வருடக்கணக்காக மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பிழைத்தவன் நான். என்னை வைத்துச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இந்த ஆளை எனக்குப் பிடிக்காது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். அவர் எனக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் கம்பெனி ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பெரிய கம்பெனிகளுக்குச் சாமான் கொடுக்கிற கம்பெனிகளுக்குச் சாமான் கொடுக்கிற கம்பெனி. கார் கதவைப் பூட்டும் சர்க்யூட் போர்டு, வாஷிங் மெஷினைச் சுற்ற வைக்கும் போர்டு, இவைதான் எங்கள் சோறு. ஆயிரக்கணக்கில் ஓடுகிற அந்த வேலைக்கு நடுவே டாக்டரின் ஆர்டர் எட்டே எட்டுப் பெட்டி. எட்டுப் பெட்டிக்காக லைனை மாற்ற வெளிநாட்டில் எவனும் ஒத்துக்கொள்ளவில்லையாம். எங்கள் ப்ளான்ட் ஹெட் ஒத்துக்கொண்டார். ரிசப்ஷன் சுவரில் கதவுப் பூட்டுப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு வானத்துப் படம் மாட்ட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. ஆசைப்பட்டவர் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டார். டாக்டரிடம் மாட்டியவர்கள் நாங்கள்.

அறுபதைத் தாண்டிய மனிதர், வானத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பிறந்தது மயிலாப்பூர்ப் பக்கமாம். ஆனால் பாதி ஆயுளை வடதுருவத்தை ஒட்டிய ஏதோ ஒரு நாட்டில், குளிர்காலத்தில் சூரியனே எட்டிப் பார்க்காத ஊரில் கழித்திருந்தார். எங்கள் வெயிலிலும் கழுத்துவரை பட்டன் போட்டிருப்பார். கேன்டீன் பக்கம் வரமாட்டார். வாடகைக் காரில் உட்கார்ந்து, பிளாஸ்க்கில் கொண்டுவந்த பால் இல்லாத காப்பியைக் குடித்துவிட்டு வருவார். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார், எழுந்த பிறகு இன்னொரு தடவை துடைப்பார். முதல் துடைப்பு புரிந்தது, இரண்டாவது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு போர்டையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்த சால்டர் புள்ளிகளில் பிடிக்காததற்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிவப்பு அம்பை ஒட்டி லைனுக்குத் திருப்பி அனுப்புவார். ஒரு போர்டு அம்பு பட்ட பீஷ்மர் மாதிரி திரும்பி வந்த அன்று, எங்கள் லைன் லீடர், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருந்துகொண்டு மூன்று ஷிப்டும் பார்த்தவள், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அண்ணே, அவரு ஊர்ல பனி பெய்யுமாம்லா. அதான் வாய்க்குள்ளயே வார்த்த உறைஞ்சி, கட்டி கட்டியா வந்து விழுது."

இந்த இடத்தில் கோல்டன் சாம்பிள் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் மாதிரிக் கம்பெனிகளில் அதுதான் மூலவர். கஸ்டமர் 'இதுதான் சரி' என்று ஒரு உருப்படியைக் கொடுப்பார். அதில் தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோம். நாங்கள் செய்கிற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பொருந்தினால் பாஸ், பொருந்தாவிட்டால் ஃபெயில். கோல்டன் சாம்பிள் சரியா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆயுத பூஜைக்கு அந்த அலமாரிக்குத்தான் முதல் மாலை. டாக்டரின் சாம்பல் பெட்டிக்கும் அந்த வருடம் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டோம். மறுநாள் வந்து பார்த்தவர் ஒரு மணி நேரம் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து அதைத் துடைத்தார். துடைத்து முடித்து, "இது கருவி. உங்க குலசாமி இல்ல" என்றார். ரிப்பேர் மேசையில் இருந்த சேரப்பணஞ்சேரி அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "குலசாமி இல்லியாம். அப்பால இன்னாத்துக்கு அலமாரில வெச்சி பூட்ட சொன்னாரு?" என்று என் காதில் முணுமுணுத்தார்.

எங்கள் முதல் பெட்டி தயாராகி, கோல்டன் சாம்பிளோடு ஒப்பிட்டபோதே ஒரு கோளாறு வந்தது. அந்தப் பெட்டிக்கு இரண்டு வாய் உண்டு, அதாவது இரண்டு அவுட்புட். இரண்டையும் திரையில் ஒன்றுக்கொன்று குறுக்காகக் காட்டினால், ஒரு பச்சைப் புள்ளி வட்டமாகச் சுற்றும். வானத்திலிருந்து திரும்பி வருகிற ரேடியோ அலை நம்மை நோக்கி வருகிற ஒன்றில் பட்டுத் திரும்பியிருந்தால் புள்ளி ஒரு பக்கமாகச் சுற்றும், விலகிப் போகிற ஒன்றில் பட்டிருந்தால் மறுபக்கம் சுற்றும். பஸ் கிட்டே வரும்போது ஹாரன் கீச்சென்றும் தாண்டிப் போன பிறகு தடித்தும் கேட்கிற அதே சங்கதிதான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஒரே சிக்னலைக் கொடுத்தால் கோல்டன் சாம்பிள் வலமாகச் சுற்றுகிறது, எங்கள் பெட்டி இடமாகச் சுற்றுகிறது என்பதுதான். ரிப்பேர் அண்ணன் திரையைப் பார்த்து, "சாமி வலம் போவுது, நம்ம ஆளு அப்பிரதட்சிணம் போறான்" என்றார். டாக்டர் கொடுத்த சர்க்யூட் டிராயிங்கை எடுத்துப் பார்க்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். குவாலிட்டி சார் வந்து பார்த்தார். கோல்டன் கோல்டன்தான், நம்ம பெட்டியில் இரண்டு வயரை மாற்றிப் போடு, இது உள்விவகாரம், கஸ்டமர் காதுக்குப் போக வேண்டாம் என்றார். மாற்றினோம். புள்ளி வலமாகச் சுற்றியது. எட்டுப் பெட்டிக்கும் அப்படியே மாற்றினோம். எல்லாம் பாஸ். அம்பு ஒட்டுகிற மகராசர் உள்ளே சால்டரைப் பார்த்தார், எந்த வயர் எந்த வாய்க்குப் போகிறது என்று பார்க்கவில்லை. அவர் கொண்டுவந்த சாமியைப் போலவே அச்சாக இருக்கும்போது அவர் ஏன் பார்க்கப் போகிறார்?

கஸ்டமர் வந்தால் லைனில் இருப்பவர்களுக்குத் தன் பொருளைப் பற்றி நாலு வார்த்தை பேசியாக வேண்டும், இது ப்ளான்ட் ஹெட் வைத்த வழக்கம். கதவுப் பூட்டுக்காரர் வந்தால், குழந்தை காருக்குள் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிப் பாதிப் பேரை அழ வைத்துவிட்டுப் போவார். டாக்டரையும் ட்ரெயினிங் ரூமுக்கு இழுத்து வந்தார்கள். விருப்பமில்லாமல்தான் ஆரம்பித்தார். போர்டில் ஒரு வட்டம் போட்டு, இதுதான் பூமியின் தலை என்றார். நூறு கிலோமீட்டருக்கு மேலே காற்று மெலிந்து, உடைந்து, மின்சாரம் ஏறிக் கிடக்கிறது, அதுதான் பிளாஸ்மா. அது சும்மா கிடக்காது, ஆறு மாதிரி ஓடும். பகல் பக்கத்தில் கிளம்பி, துருவத்தின் தலைக்கு மேலாக ராத்திரிப் பக்கத்துக்கு வந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து இரு ஓரமாகப் போய்விடும். அதன் வேகத்தையும் திசையையும் அளப்பதுதான் அவர் வேலை. ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஆன்டெனாவோடு சேர்ந்து ஒரு திசையைக் கேட்டுக்கொண்டிருக்கும். இதைச் சொல்லச் சொல்ல அவருடைய குரல் மாறிவிட்டது. கையில் இருந்த மார்க்கரின் மூடியைப் போட மறந்துவிட்டார். சட்டையில் மை பட்டது, அதைத் துடைக்கவும் இல்லை.

"நேத்து உங்க ஷிப்ட் விடறப்ப கேட்டுல நின்னு பார்த்தேன்" என்றார். "எல்லாரும் வெளிய வந்து ரெண்டாப் பிரியறீங்க. பாதிப் பேர் படப்பை பக்கம், பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல ஒரே ஒரு வரிசை மட்டும் கேட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தா எப்படி இருக்கும்? ஒரு குளிர்காலம், ராத்திரிப் பக்கத்துல, நான் அதைப் பார்த்தேன்."

அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஒரு திசையைக் கேட்ட ஒரு பெட்டியில் மட்டும், மெல்லிய பட்டையாக, ஓட்டம் எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. கட்டுரை எழுதினார். மற்ற நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் ஒருவர், உன் கருவியைப் போய்ப் பார் என்று எழுதினாராம். அதைச் சொல்லும்போது டாக்டரின் தாடை இறுகியது. அதற்குப் பிறகு அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது புதுப் பெட்டிகளை வைத்து, வருகிற குளிர்காலத்தில் அந்த வரிசையை மறுபடியும் பிடித்துக் காட்ட வேண்டும். காட்டினால் அவர் சொன்னது நிற்கும். காட்டாவிட்டால் அங்கே அவர் நடத்துகிற ஆராய்ச்சி நிலையமே கைமாறிவிடும், அதுவும் கருவியைப் பார் என்று எழுதிய அந்த ஆளின் கைக்கு. பனி மூடுவதற்குள் பெட்டிகள் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று சொல்லி நிறுத்தினார்.

அறை அமைதியாக இருந்தது. அப்படி அமைதியாக இருக்கிற அறையைக் கண்டால் என் நாக்கு சும்மா இருக்காது, அது பிறவி நோய். "சார், அந்த வரிசை டிபன் பாக்ஸை உள்ள மறந்து வெச்சிட்டு வந்திருக்கும் சார்" என்றேன். மொத்த அறையும் வெடித்தது. ப்ளான்ட் ஹெட்கூட வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் மார்க்கரை மேசையில் வைத்தார். மூடியைத் தேடி எடுத்து மூடினார். வெளியே போய்விட்டார்.

மறுநாள் என் ஸ்டூலைக் காணவில்லை. டெஸ்ட் பண்ணுகிறவர் உட்கார்ந்தால் கவனம் போகிறது, நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். எனக்கு மட்டும்தான் அந்தச் சட்டம். பக்கத்து மேசையில் வாஷிங் மெஷின் போர்டு டெஸ்ட் பண்ணுகிற பையன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். அதோடு நான் பாஸ் போட்ட எட்டுப் பெட்டிகளையும் முதலிலிருந்து மறுபடி டெஸ்ட் பண்ணச் சொன்னார். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அது என் ஸ்டூல்தான். அதன் ஒரு கால் ஆடும். அவர் உட்கார்ந்திருந்த இரண்டு வாரமும் அது ஆடவே இல்லை, அவ்வளவு அசையாமல் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நானும் சும்மா இல்லை. அவர் பார்க்கிறபோதெல்லாம் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டு முடுக்கினேன், முடுக்கிவிட்டு இன்னொரு தடவை துடைத்தேன். லைன் லீடர் குனிந்தபடி தோள் குலுங்கச் சிரிப்பாள். "மிஸ்டர், உங்களுக்கு இது விளையாட்டு" என்று ஒருநாள் சொன்னார். "ஆமா சார், ஸ்டூல் இருந்தா உட்கார்ந்து விளையாடுவேன்" என்றேன். அன்று மாலை என் கையில் ஒரு வார்னிங் லெட்டர் இருந்தது.

கோபத்தில்தான் அதைச் செய்தேன். பெரிய திட்டமெல்லாம் கிடையாது. எங்கள் டெஸ்ட் மெஷினில் ஒப்பிடாமல் தனியாகச் சோதிக்கிற முறை ஒன்றும் உண்டு, கோல்டன் இருக்கும்போது அதை யாரும் ஓட்டுவதில்லை. டிராயிங்கில் உள்ளபடி பெட்டி நடக்கிறதா என்று பார்த்துவிட்டு அதுவே ஒரு ஸ்டிக்கரைத் துப்பும், பச்சை என்றால் பாஸ், சிவப்பு என்றால் ஃபெயில். டாக்டர் காப்பி குடிக்கக் காருக்குப் போன மத்தியானம், கோல்டன் சாம்பிளை அலமாரியிலிருந்து எடுத்து அந்த மெஷினில் மாட்டினேன். ஒரு கேபிளை லேசாகத் தளர்த்திவிட்டால் சிவப்பு வந்துவிடும், அதை அவருடைய சாமி நெற்றியில் ஒட்டி, மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. முதலில் ஒழுங்காக ஒருமுறை ஓட்டிவிட்டுத் தளர்த்தலாம் என்று பட்டனை அழுத்தினேன். நான் கேபிளில் கை வைப்பதற்கு முன்னாலேயே மெஷின் சிவப்பைத் துப்பியது.

மறுபடி ஓட்டினேன். சிவப்பு. கேபிளை மாற்றி ஓட்டினேன். சிவப்பு. எல்லா அளவும் சரி, ஒன்றைத் தவிர. சுற்றும் திசை தலைகீழ் என்று காட்டியது. எங்கள் பெட்டி ஒன்றை எடுத்து, குவாலிட்டி சார் மாற்றச் சொன்ன வயர்களைப் பழையபடி டிராயிங்கில் இருக்கிற மாதிரி போட்டு ஓட்டினேன். பச்சை. ரிப்பேர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு, "இன்னா தல, சாமிக்கே பெயில் போட்டுகினு கீற?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது.

குவாலிட்டி சாரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார், டாக்டர் வருகிறாரா என்று. "யோவ், இத எடுத்த எடத்துல வெய்யி. கஸ்டமர் குடுத்த சாம்பிள், கஸ்டமர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டு. நாம வயர மாத்துனது வெளிய தெரிஞ்சா உனக்கும் வேல இல்ல, எனக்கும் வேல இல்ல" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பெட்டிகள் நாளை மறுநாள் பேக்கிங். யாரும் எதுவும் பேசாவிட்டால், எட்டுப் பெட்டியும் எட்டுத் திசையையும் தலைகீழாகக் கேட்கும். டாக்டர் அந்த இருட்டு ஊரில் உட்கார்ந்து, மொத்த வானமும் பின்பக்கமாக ஓடுவதைப் பார்ப்பார், அதையும் ஊருக்குச் சொல்வார், கருவியைப் பார் என்று எழுதிய ஆள் வயிறு குலுங்கச் சிரிப்பான். எனக்கு அதைவிட நல்ல பழி கிடைக்குமா? ஸ்டூலுக்கு ஸ்டூல், லெட்டருக்கு லெட்டர்.

ஆனால் நான் சொல்லிவிட்டேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஆள் சிரிப்பதை என்னால் பார்க்க முடியாது, அவன் எங்கேயோ இருக்கிறான். டாக்டரின் முகம் மாறுவதை நான் இங்கேயே, என் கண் முன்னால் பார்க்க வேண்டும். வேறொருத்தன் அவரைத் தோற்கடித்தால் எனக்கென்ன லாபம்? காப்பி குடித்துவிட்டு வந்தவர் முன்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை வைத்து, "சார், உங்க கோல்டன் ஃபெயில்" என்றேன். குவாலிட்டி சார் கழிவறைப் பக்கம் போய்விட்டார்.

"உங்க மெஷின் தப்பு" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, யோசிக்கவும் இல்லை. நான் வயர் மாற்றிய கதையைச் சொன்னேன். உங்க டிராயிங்படி செய்தது இடமாகச் சுற்றியது, உங்க சாம்பிளுக்குப் பொருந்த வேண்டும் என்று நாங்கள்தான் வலமாக்கினோம் என்றேன். அவர் முகம் வெளுக்கும் என்று காத்திருந்தேன், சிவந்தது. கஸ்டமரைக் கேட்காமல் வயரை மாற்றினீர்களா, கதவுப் பூட்டுச் செய்கிறவர்களிடம் கொடுத்தது என் தப்பு என்று லைனே கேட்கக் கத்தினார். நானும் கத்தினேன். லைன் நின்றுவிட்டது. லைன் லீடர் எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவே நின்றாள். "சார், அண்ணனத் திட்டுறதுக்கு மின்ன நீங்களே ஒருக்கா ஓட்டிப் பாத்துருங்க. இங்கன எல்லாரும் பாத்துட்டு இருக்கோம்" என்றாள்.

அவர் எங்கள் மெஷினைத் தொடவில்லை. தன் பென்சில் பாக்ஸிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கோல்டன் சாம்பிளின் மூடியைத் திறந்தார். சிக்னல் கொடுக்கும் கருவியைத் தானே இழுத்து வைத்து, தானே கேபிள் செருகி, அலையின் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். கிட்டே வருகிற ஒன்றின் எதிரொலி அது. புள்ளி இடமாகச் சுற்ற வேண்டும். பச்சைப் புள்ளி நிதானமாக, யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்காததுபோல, வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுருதியைக் குறைத்தார், இடமாகச் சுற்றியது. மறுபடி ஏற்றினார். பிறகு பெட்டிக்குள் விரலை விட்டு, இரண்டு மெல்லிய வயர்களை வேரிலிருந்து வாய்வரை தடவிக்கொண்டே போனார். எங்கேயோ, எப்போதோ, யாரோ ரிப்பேர் செய்து இடம் மாற்றிச் சொருகியவை. அங்கேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பெட்டி எப்ப சார் வேலைல இருந்துச்சு?" என்று கேட்டேன். சத்தியமாகக் குத்தலாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்டு முடிக்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைப் பார்த்தபடியே அவர் சொன்னதும் அதுதான்: அது ஸ்பேர் பெட்டி. நிலையத்து அலமாரியில் சும்மா கிடந்த பெட்டி. ஒரே ஒரு குளிர்காலம், ஒரு திசையின் பெட்டி பழுதானபோது, அந்த இடத்தில் இதை மாட்டியிருக்கிறார்கள். நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளைக் கழற்ற முடியாது என்பதால் எங்களுக்குச் சாம்பிளாகவும் இதையே கொண்டுவந்திருக்கிறார். மற்றவை எல்லாம் சரியாகக் கேட்டுக்கொண்டிருக்க, இது ஒன்று மட்டும் போகிறதை வருகிறது என்று கேட்டிருக்கிறது. கேட்டைப் பார்த்துத் திரும்பி நடந்த வரிசை அதுதானோ என்னவோ. அந்த 'ஓ'வில்தான் அவருக்கு மிச்சம் எல்லாம் இருந்தது. வயர் மாறியது உண்மை, ஆனால் அதனால் அந்த வரிசை இல்லை என்று இன்னும் ஆகிவிடவில்லை. புதுப் பெட்டி எட்டும் சரியாக இருந்து, அதே திசையில், அதே குளிரில், அது மறுபடி வந்தால் அவர் ஜெயித்தார். வராவிட்டால் இத்தனை வருடச் சண்டையும் இரண்டு வயர்.

நான் ஆசைப்பட்ட முகம் அதுதான். கிடைத்தும் விட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஏதாவது செய்யலாம் என்று சிவப்பு ஸ்டிக்கரைப் பிய்க்கக் கையை நீட்டினேன். "தொடாதீங்க" என்றார். போனை எடுத்து, திறந்த பெட்டியையும் வயரையும் ஸ்டிக்கரையும் சேர்த்துப் படம் எடுத்தார். அதன் பிறகு அவர் குரல் பழைய குரலாகிவிட்டது. எட்டுப் பெட்டியையும் டிராயிங்படி மாற்ற வேண்டும், ஒவ்வொன்றையும் தன் கண் முன்னால் டெஸ்ட் செய்ய வேண்டும், வயர் மாற்றியதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். எனக்கு ஒரு நன்றி? கிடையாது. ஸ்டூலையாவது திருப்பிக் கொடுத்தாரா என்றால் அதுவும் இல்லை. கடைசிப் பெட்டி வரைக்கும் நின்றுகொண்டேதான் டெஸ்ட் செய்தேன். அவருடைய புகாரால் குவாலிட்டி சாருக்கு மெமோ, எனக்கு இரண்டாவது லெட்டர்.

பெட்டிகள் போன அடுத்த வாரம் ப்ளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டுக் குதித்தார். டாக்டர் அந்தப் படத்தைத் தன் துறையில் சண்டை போட்ட அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறார், கருவியைப் பார் என்று எழுதிய ஆள் உட்பட. என் பழைய அளவீட்டை நம்ப வேண்டாம், பெட்டி தவறு, மறுபடி அளந்து சொல்கிறேன் என்று தானே எழுதி, ப்ளான்ட் ஹெட்டுக்கும் ஒரு காப்பி போட்டிருக்கிறார். ப்ளான்ட் ஹெட்டின் கவலை அது இல்லை. சிவப்பு ஸ்டிக்கரின் மூலையில் எங்கள் கம்பெனிப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. "உலகம் பூரா நம்ம பேரோட ஃபெயில்னு போயிருக்குய்யா" என்றார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் மூடி மறைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்திருந்தாரானால் அந்த ஆளை வெறுக்க எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அதையும் கெடுத்துவிட்டார்.

இப்போது நான் அந்தக் கம்பெனியில் இல்லை. அதே ரோட்டில் நாலு கேட் தள்ளி வேறொன்றில் இருக்கிறேன். இங்கேயும் கண்ணாடி அலமாரி, தங்க ஸ்டிக்கர், ஆயுத பூஜைக்கு மாலை. புதுச் சாம்பிள் வந்தால் நான் முதலில் அதைத்தான் மெஷினில் மாட்டுகிறேன். கஸ்டமர்களுக்குப் பிடிப்பதில்லை. எங்கே என்ன படித்தீர்கள் என்று கேட்கிறார்கள், ஆஸ்பத்திரியில் என்கிறேன். உட்கார ஸ்டூல் இருக்கிறது, இருந்தும் பாதி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறேன். இரண்டு வாரத்தில் அந்த மனிதர் என் முதுகுக்குச் செய்தது அது. இப்போதும் அவரை எனக்குப் பிடிக்காது. பிடித்துப் போயிற்று என்று எழுதினால் இந்தக் கட்டுரை இன்னும் அழகாக முடியும் என்று தெரிகிறது, என்ன செய்வது.

ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு நமைச்சல் இருந்தது. இங்கே மார்கழி போய், தை போய், மாசி வெயில் ஏற ஆரம்பித்த பிறகு, ஒருநாள் மத்தியானம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போனில் அவர் நம்பரை எடுத்தேன். பெட்டிகளைப் பேக்கிங் செய்தபோது போட்ட குரூப்பில் அது இருந்தது. நீளமாக ஒரு மெசேஜ் அடித்தேன், நடுநடுவே நகைச்சுவை வைத்து. படித்துப் பார்த்து நகைச்சுவையை எல்லாம் எடுத்தேன். எடுத்த பிறகு ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது: "சார், அந்த வரிசை திரும்பி நடந்துச்சா?" அனுப்பிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். நடந்தது என்று அவர் எழுத வேண்டும் என்று நான் விரும்பினேன், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்படி எழுதினால் என் ஸ்டிக்கர் வெறும் ஸ்டிக்கர், அவர் ஜெயித்தார், நான் காலத்துக்கும் கோமாளி. பரவாயில்லை, எனக்கு அந்த வேடம் பழக்கம்தான். படப்பை தாண்டும்போது போன் அதிர்ந்தது.

"எதுவும் திரும்பல, பெட்டி எட்டும் சரி, இனிமே மெசேஜ் போடாதீங்க."